டீசல் கிணறு பார்க்கப் போன கதை

பொங்கல் முடிந்த வாரம் போய் வந்தேன். வழக்கமாக அருவி, கோட்டை, பிரியாணி என்று எழுதுகிறவள் இந்த முறை கெட்டுப்போன மண்ணைப் பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரு வாசகர். "எங்கள் ஊர்க் கிணற்றில் டீசல் வாடை வருகிறது. இதைச் சுத்தம் செய்கிற இடம் எங்காவது இருந்தால் பார்த்து எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். என் கல்லூரித் தோழி மலர் நிலத்தடி நீர் படித்தவள். நாமக்கல் மாவட்டத்தில் சரியாக அந்த வேலையில்தான் ஆறு மாதமாக இருக்கிறாள். கேட்டதும், "வாடி, மத்தியானச் சோறு என் பொறுப்பு" என்றாள். சோறு என்றால் நான் யோசிக்கிற ஆள் இல்லை.

விழுப்புரத்திலிருந்து சேலம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். காலை பதினொன்றே காலுக்குப் பேருந்து, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழி, 165 ரூபாய், நாலரை மணி நேரம். ஆத்தூர் வரைக்கும் பக்கத்து இருக்கைப் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. சேலத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் (பெண்களுக்குக் கட்டணம் இல்லை) சூரமங்கலம் போய், ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். தொள்ளாயிரம் ரூபாய். கொசுவுக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

மறுநாள் ஏழு பத்துக்கு மல்லசமுத்திரம் பேருந்து. ஒரு மணி நேரம், 32 ரூபாய். இது டவுன் பஸ் இல்லை, அதனால் பெண்களும் சீட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே ஆட்டோவுக்கு 150. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"டீசல் கெணத்துக்குங்களா?"

"கெணத்துல டீசலே வந்துடுச்சா?"

"அது எனக்குத் தெரீலீங்க. ஆனா அந்தக்கா பாலை ஊருக்குள்ள ஆரும் வாங்கறதில்லீங்க. குடிக்கற பண்டமுங்களே, ஆரு துணிவாங்க?"

அந்த அக்கா சரோஜா. ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு (மரவள்ளித் தோட்டம்), மூன்று மாடு, ஒரு கிணறு. கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. குடும்பம் ஓடுவது பாலில். கிணற்றிலிருந்து 140 மீட்டரில், சாலையோரம், மூடிப்போன ஒரு லாரி டெப்போ இருக்கிறது. அதன் நிலத்தடி டீசல் தொட்டி பல வருடமாகக் கசிந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

மலர் ஹெல்மெட்டும் கம்பூட்டுமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் ஒரு ஹெல்மெட் மாட்டிவிட்டு இடத்தைச் சுற்றிக் காட்டினாள். தொட்டியை ஏற்கெனவே தோண்டி எடுத்துவிட்டார்கள். மண்ணில் ஊறிய டீசல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வரிசையாகச் சோதனை போர் போட்டு, வெள்ளைக் குழாய் இறக்கி, மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். முதல் போரில் ஒரு கண்ணாடிபோன்ற குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்தாள். கீழே தண்ணீர், மேலே ஒரு விரல் கனத்துக்கு டீசல் தனியாக நின்றது. வாடை தலைக்கு ஏறியது.

இதை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் மண்ணை முழுக்க லாரியில் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். மிதக்கும் டீசலை முதலில் ஒரு சின்ன பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. மீதியை மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களே தின்றுவிடுமாம். அவற்றுக்குக் காற்றுதான் பற்றாக்குறை. ஒரு புளோயரை வைத்துக் குழாய் வழியாக மண்ணுக்குள் மெதுவாகக் காற்றை ஊதுகிறார்கள், அவ்வளவுதான். "ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், ஆனா ஆகும்" என்றாள் மலர். போன மாதம் இரண்டு விரல் கனம் இருந்தது இந்த மாதம் ஒரு விரலாம். எனக்கு அந்த இடத்திலேயே நல்ல பசி எடுத்தது, அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் மூன்றாம் போரில். அது தொட்டிக்கும் சரோஜாக்கா கிணற்றுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் தண்ணீரில் எண்ணெய் இருப்பதாக ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் அதுவரை சுத்தம்தான். ஆனால் மோட்டார் போட்டால் டீசலை நாமே கிணற்றை நோக்கி இழுத்துவிடுவோம் என்று மலர் மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருந்தாள். நாற்பது நாளாகக் கிணற்றில் கை வைக்கவில்லை. மாடுகளுக்கு டேங்கர் தண்ணீர், காட்டுக்கு ஒன்றுமில்லை. குச்சி இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. செய்தி ஊருக்குள் பரவியதும் டீக்கடைக்காரர் பால் வேண்டாம் என்றுவிட்டார், பிறகு வீடுகளும். ஒரு மாட்டை விற்றாகிவிட்டது. மற்ற இரண்டையும் சந்தைக்கு ஓட்டுவதா என்பது அன்று போடப்போகும் நாலாம் போரைப் பொறுத்தது. டீசல் கிணற்றை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

போர் போடும் ரிக் வண்டியை ஓட்டுகிறவர் முருகேசன், திருச்செங்கோட்டுக்காரர். சத்தீஸ்கரில் ஆயிரம் அடி, மராட்டியத்தில் எண்ணூறு அடி என்று பாறையைத் துளைத்துவிட்டு வந்த ஆள். அவரை நாற்பது அடி போடச் சொன்னால் முகம் எப்படி இருக்கும்?

"நாப்பது அடிக்கு இத்தாப்பெரிய வண்டியக் கொண்டாந்து நிறுத்தறதே வெக்கமா இருக்குதுங்க அம்மணி" என்றார் என்னிடம். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு. எனக்கும்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு, துளைக்கும் ராடின் வாயில் ஒரு சொம்பிலிருந்து எதையோ சரக்கென்று ஊற்றினார்.

"என்னங்க ஊத்தறீங்க?"

"ஹேமருக்குக் கஞ்சிங்க. அதுக்கும் வவுறு இருக்குதல்லங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாலாம் போர் பத்தடி இறங்கியிருக்கும். மலர் புளோயர் பக்கத்திலிருந்து வந்தாள். "உன் ரிக்காரர் ஹேமருக்குக் கஞ்சி ஊத்தறாருடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கம்ப்ரசர் அடங்கியதும் சொம்பை வாங்கி மோந்து பார்த்தாள்.

"எண்ணெய் படக்கூடாதுன்னு எழுதியே குடுத்தேனே அண்ணா?"

"கிரீஸ் வெக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. ஒரு ராடுக்குக்கூட வெக்கலீங்க. எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க. இது ஹேமர் ஆயிலுங்க."

"மூணாவது போருக்கும் ஊத்துனீங்களா?"

"ஊத்தாம ஹேமர் எப்படீங்க அடிக்கும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாறையை இடிக்கும் ஹேமர் எண்ணெய் இல்லாமல் ஓடினால் சூடேறி இறுகிவிடும். அவர் அறிவில் அது வண்டிக்குப் போடுகிற எண்ணெய், தண்ணீரோடு சம்பந்தமில்லாதது. மூன்றாம் போர் போட்ட அன்று மலர் தொட்டி தோண்டும் இடத்தில் நின்றிருந்தாள். அதைவிடப் பெரிய தப்பு தன்னுடையது என்று அவளே சொன்னாள். செலவைக் குறைக்க, எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் சோதனை கேட்டிருக்கிறாள். என்ன எண்ணெய் என்று கேட்கவே இல்லை.

வேலியோரம் நின்று சரோஜாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப இந்த நாப்பது நாளு?" என்றார். "எஞ் செவலை மாட்ட வித்துப்போட்டு ரெண்டு நாளு அழுதனே, அது ஆரு கணக்குங்க?"

மலர் வேலிப் பக்கம் போனாள். "அக்கா, டீசலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னைக்கே சுத்தமா இன்னொண்ணு போட்டுப் பாத்துடறேன்" என்றாள். எண்ணெய் பட்டுவிட்ட நாலாம் போரை அப்படியே மூடிவிட்டு, மூன்றாம் போருக்கு ஐந்தடி தள்ளிப் புதிதாகப் போடுவது என்று முடிவாயிற்று.

அடுத்த மூன்று மணி நேரம் கழுவல். லாரி வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து பிரஷர் பம்பை வரவழைத்து, ஹேமரைக் கழற்றி, ராடுகளை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். கம்ப்ரசர் காற்றிலும் எண்ணெய்த் துளி வருமாம், அதற்கு ஒரு வடிகட்டி மாட்டினாள் மலர். ஹேமருக்கு என்ன ஊற்றுவது? முருகேசன் தானே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கி வந்தார். "நாப்பது அடிதானுங்க, தாங்கும். ஹேமர் போனாலும் போவுட்டும்" என்றார். துளைக்க ஆனது இருபத்தைந்து நிமிடம். ரிக்கிலிருந்து வடை சுடுகிற வாசம் வந்தது. சிரிக்கத்தான் வேண்டும், யாரும் சிரிக்கவில்லை.

குழாய் இறக்கி, வெளியே சரளையும் களிமண்ணும் கொட்டி அடைத்து, கலங்கல் தெளியும்வரை தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். பிறகு பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மூன்றாம் போரின் பழைய தண்ணீரும் ஒரு பாட்டில் போனது. மத்தியானச் சோறு நாலரை மணிக்குத்தான் கிடைத்தது. அன்று அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

முடிவு தெரியாமல் இந்தப் பதிவைப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன். அதற்குள் போகிறவர்களுக்கான விவரங்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு முன்கூட்டி அனுமதி வாங்காமல் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். செருப்பு உதவாது, மூடிய காலணி வேண்டும். சேலத்திலேயே தங்குங்கள், மாலை ஆறுக்கு மேல் கிளைச்சாலையில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். உங்கள் கிணற்றிலேயே சந்தேகம் என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பாதீர்கள், கண்ணாடிதான் சரி. ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் உண்டா என்று கேட்டு நிறுத்தாமல், எந்த எண்ணெய் என்றும் கேளுங்கள். போர் போடும் நாளில் ரிக் பக்கத்திலேயே நின்று, என்ன ஊற்றுகிறீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒன்றும் தெரியாதவள் கேட்டதால்தான் எனக்கே பதில் கிடைத்தது.

பத்தாம் நாள் மலர் கூப்பிட்டாள். பழைய தண்ணீரில் இருந்தது ஹேமர் ஆயில் மட்டும். புதிய போரில் கொஞ்சம் கடலை எண்ணெய். இரண்டிலும் டீசல் துளிகூட இல்லை. தொட்டிப் பக்கத்து டீசல் தீரும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், ஆனால் மோட்டார் போடலாம். நான் பேருந்து நிலையத்தில் நின்று அழுதேன், சொல்வதற்கென்ன.

சரோஜாக்காவிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "கெட்ட சேதி தானா ஊரைச் சுத்துச்சு. நல்ல சேதிய ஆருங்க கொண்டுபோவாங்க? அந்த ரிக்காரரு வந்து எல்லார்த்து முன்னாலயும் சொல்லோணும்."

அதற்காக நான் மறுபடி போனேன். அதே 165, அதே 32. அன்று மலரின் அறையில் தங்கிவிட்டு, காலை ஆறரைக்கு ஊர் டீக்கடைக்குப் போனோம். பதினைந்து பேர் இருப்பார்கள். சரோஜாக்கா எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முருகேசனின் வண்டி முந்தின நாளே வடக்கே கிளம்பியிருக்க வேண்டியது. நிறுத்திவைத்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பொத்தானை இரண்டு முறை சரிசெய்துகொண்டார்.

"ஏனுங்க, எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிப்போடறேன். அந்தக்கா கெணத்துப் பக்கம் டீசல் வரலீங்க. எண்ணெய் வந்தது எஞ் சொம்புல இருந்து. ஆயிரம் அடி போட்டவன் நானு, நாப்பது அடியில தப்புப் பண்ணிப்போட்டேன். அந்தக்கா மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

மலர் ஆய்வுக்கூடத் தாளைக் காட்டினாள். ஒருவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. எல்லோரும் முருகேசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பாமல் சொன்னார்.

"செரிங்க்கா. நாளைக்குக் காலையில ஆறு லிட்டரு கொண்டாங்க."

"நாளைக்கு எதுக்குங்க?" என்றார் சரோஜாக்கா. பெஞ்சுக்கு அடியிலிருந்து பால் கேனை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். "இன்னைக்கே கொண்டாந்துட்டனுங்க."