கடல்காற்றை ஆறுதல் என்று எழுதியது

வளிமண்டல இயக்கவியல் என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பாதி வகுப்பு கைப்பேசியில் இருக்கும். இத்தனை வருடமாக அதே பாடம். நிலம் சூடாகிறது, காற்று மேலெழுகிறது, கடலிலிருந்து வேறு காற்று வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

அந்தச் சலிப்பில்தான் அந்த அறிக்கையையும் எழுதினேன். இங்கே வளைகுடாவில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கட்டுமான சைட்டுக்கு. வெயில் நேரத்தில் எப்போது சிவப்புக் கொடி ஏற்றி வேலையை நிறுத்துவது, எப்போது இறக்குவது என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மணிவாக்கில் கடல்காற்று வரும், வெப்பமானி இறங்கும், அதன்பின் ஆறுதல் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவன் கை எழுதிய வரி அது. எங்கள் ஊரில் கடல்காற்று வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு காலை நீட்டி உட்கார்வோம்.

சட்டப்படியான மதிய ஓய்வு மாதங்கள் முடிந்த செப்டம்பரில், அங்கே நட்டிருந்த காற்றளக்கும் கருவியைத் துடைக்கப் போனேன். சாரம் கட்டும் ஒருவர் வந்து நின்றார். சட்டை முதுகில் உப்பு பூத்திருந்தது. பேச்சில் சிவகங்கை.

"காத்து சார் நீங்கதானா?"

"ஆமாம்."

"கடக்காத்து ஆறுதல்னு எழுதிக் குடுத்தீங்களாமே. அது வந்தா எங்களுக்கு வேர்வையே காயாது சார். ஒடம்பு அப்படியே வெந்துபோவுது. நேத்து வெல்டர் ஒருத்தர் உக்காந்தாரு, எந்திரிக்கல. ஆஸ்பத்திரில கெடக்காரு."

"இரண்டு மணிக்குக் கொடியை இறக்கிடுறாங்களா?"

"ஃபோர்மேன் பாய் மூஞ்சில காத்து பட்டாப் போதும். 'ஹவா ஆ கயா, யல்லா'ம்பாரு, காத்து வந்துருச்சு, கெளம்புன்னு. கேட்டா வாத்தியாரே எழுதிட்டாருன்றாரு. ஒரு நாள் எங்ககூட டியூட்டி பாருங்க சார். அப்புறம் ஆறுதலா உக்காந்து எழுதுங்க."

எனக்குத் தெரியாததா? இங்கே கடல் கொதிக்கிற கடல். அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. வெப்பமானி இறங்கும், புழுக்கம் ஏறும். மூன்றாவது வாரப் பாடம். தேர்வில் கேட்பேன், தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைப்பேன்.

அன்றிரவு, காற்று வந்தாலும் நாலு மணி வரை கொடியை இறக்கக் கூடாது என்று திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் ஒரு மணிக்கு சைட் பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வைத்தேன். நாகர்கோவில்காரர். பழைய அறிக்கையை எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"இதுலயும் உங்க கையெழுத்துதான், அதுலயும் உங்க கையெழுத்துதான். நான் எதை நம்ப?"

"புதுசை. பழசு என் தப்பு."

"பழசை மேலிடம் பாஸ் பண்ணியாச்சு சார். இதுக்கும் பதில் வரணும்லா."

"வரும்வரை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்து, இன்று மட்டும் கொடி நாலு மணி வரை இருக்கட்டும் என்று ஃபோர்மேனிடம் இந்தியில் சொன்னார். இன்று மட்டும் என்பதை இரண்டு தடவை.

வெளியே வந்தேன். இரண்டேகாலுக்குக் காற்று வந்தது. என் கண்ணாடி பனித்துப்போனது. தகர நிழலில் எல்லோரும் படுத்திருந்தார்கள். சிவகங்கைக்காரர் மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கும் லெட்டர் கொண்டுட்டு வருவீங்களா சார்?"

நாளை மதியம் ஒரு மணிக்கு எனக்கு வகுப்பு. வருகிறேன் என்றேன்.