டிர்ச்சேயும் மக்கள் இல்லத்துச் சுவரும்

நூற்றுப் பதினேழு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேட்டையில் புத்தி கெட்டவர்களின் எண்ணிக்கை அது. இன்னொரு எழுபத்தெட்டுப் பேரும் உண்டு. அவர்களுக்கும் புத்தி கிடையாது, தலைகள்தான் குறைவு.

எங்கள் இடதுசாரிக் கட்சி இரண்டாக உடைந்த குளிர்காலத்தில், மக்கள் இல்லம் எந்த அணிக்கு என்று தகராறு வந்தது. முன்வாசல் கயிற்றுக்காரர் தெருவிலும் பின்வாசல் சூளைத் தெருவிலும் இருக்கும் கூடம் அது. இரண்டு தெருக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சுமந்து கட்டியது. பாசிஸ்டுகள் பிடுங்கி இருபது வருஷம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக்கூட நடுவில் சுவர் எழுப்பத் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது.

விகிதாச்சாரம் எங்களுக்கு வேதம். ஒத்தாவியோ தலைமையில் நூற்றுப் பதினேழு பேர், சில்வானோ தலைமையில் எழுபத்தெட்டுப் பேர். கூடத்தின் நீளம் இருபது மீட்டர். ஆகவே பெரிய அணிக்கு முன்பக்கம் பன்னிரண்டு மீட்டர், சின்ன அணிக்குப் பின்பக்கம் எட்டு. கொத்தனார் எர்மேத்தே ஒரே நாளில் சுவரை எழுப்பிவிட்டான். பூச்சு காய்ந்த பிறகுதான் பார்த்தோம். காப்பிக் கடை எட்டு மீட்டர் பக்கம் இருக்கிறது, கழிப்பறை பன்னிரண்டு மீட்டர் பக்கம்.

அந்தக் கடையை நடத்தியவள் டிர்ச்சே. சூளைத் தெருவில் பிறந்தவள். சனிக்கிழமை நடனத்துக்கு அக்கார்டியன் வாசித்த பெண்ணை, அக்கார்டியனோடு சேர்த்துக் கிளப்பிக்கொண்டு இவள் புருஷன் லிவோர்னோ துறைமுகத்துக்கு ஓடினான். அக்கார்டியன் மட்டும் திரும்பி வந்தால் போதும் என்றாள் டிர்ச்சே. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். அவள் கடையில் கிராப்பா சாராயம் ஊற்றும் கிளாஸில் முக்கால்வாசி அடிக்கண்ணாடிதான். பிளவு வாக்கெடுப்பில் ஏன் கை தூக்கவில்லை என்று கேட்டேன்.

"நானும் கையத் தூக்கிட்டு நின்னா காப்பிய யாரு போடுறது?"

சுவர் எழும்பிய மறுவாரம் நகராட்சிச் சுகாதார அதிகாரி வந்தார்.

"கழிப்பறை எங்கம்மா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் சார்."

"அப்போ இங்க வர்றவங்க?"

"தெருவச் சுத்தி முன்வாசலுக்குப் போவாங்க. அங்க உறுப்பினர் அட்டை கேப்பாங்க. அன்னிக்கு மழையில சில்வானோ அட்டையத் தேடிக்கிட்டே நின்னான். கிடைச்சப்போ வேல முடிஞ்சிருச்சு."

அதிகாரி சிரிக்கவில்லை. "வியாழக்கெழம காலையில வருவேன். இப்படியே இருந்தா உரிமம் ரத்து."

டிர்ச்சேவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. சுவரில் ஒரு கதவு வைத்துக் கொடுங்கள் என்று இரண்டு அணியிடமும் கேட்டாள். கூட்டம் மேல் கூட்டம் போட்டோம். கதவு எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும் என்பதில் நின்றது. சாவி விவகாரத்துக்கு நாங்கள் இன்னும் வரவே இல்லை.

புதன்கிழமை சில்வானோ காப்பி குடிக்க வந்தான். டிர்ச்சே காப்பி மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் தோழர், இந்தச் சுவர் என்ன தடிமன் இருக்கும்?"

"பூச்சோட பதினாலு சென்டிமீட்டர்."

"அந்தப் பதினாலு யாரு இடத்துல நிக்குது?"

சில்வானோ கோப்பையைக் கீழே வைத்தான். சுவரைப் பார்த்தான். "ஒத்தாவியோ திருட்டுப் பய," என்றான் நிதானமாக.

அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனாள். அங்கே ஒத்தாவியோவும் நானும் இருந்தோம்.

"சில்வானோ பக்கம் எட்டு மீட்டர் முழுசா இருக்குங்கிறாங்க தோழர். அப்படின்னா சுவரு உங்க இடத்தத் தின்னுக்கிட்டுல்ல நிக்குது?"

ஒத்தாவியோ அளவு நாடா கொண்டுவரச் சொன்னான்.

அன்று சாயங்காலம் கூட்டுக் கூட்டம் சூளைத் தெருவில், குளிரில் நின்றபடியே நடந்தது. எதிரணியின் பாதிக்குள் காலடி வைக்க யாருக்கும் மனமில்லை. தடிமன் யாருடையது என்று முடிவாகும் வரை சுவர் யார் இடத்திலும் நிற்கக் கூடாது. உடனே அகற்ற வேண்டும். இதுதான் தீர்மானம். இரண்டு அணிகளும் கை தூக்கின. கட்சி உடைந்த பிறகு நாங்கள் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அது.

எர்மேத்தே கடப்பாரையோடு வந்து டிர்ச்சேயிடம் கேட்டான். "அன்னிக்குக் கட்டுன்னாங்க, இன்னிக்கு இடிங்கிறாங்க. நாளைக்கு மறுபடி மாத்துவாங்களாக்கா?"

"மத்தியானத்துக்கு மேல மாத்திக்கட்டும். நீ அடிடா."

வியாழக்கிழமை காலை அதிகாரி வந்தார். கடையிலிருந்து கழிப்பறைக்கு நேராக நடந்து போனார், வந்தார், ஒரு காப்பி குடித்தார், கையெழுத்துப் போட்டார்.

சுவர் திரும்ப எழும்பவில்லை. டிர்ச்சே கடைசி வரை அந்த மேடைக்குப் பின்னால்தான் நின்றாள். இரண்டு கட்சிகளும் அவளுக்கு முன்பே செத்துப்போயின. தடிமன் யாருடையது என்று தீர்க்க அன்று போட்ட குழு மட்டும் இன்னும் கூடுகிறது. முடிவாகாமல் கிடப்பது பதினான்கு சென்டிமீட்டர்.