மணிக்கோபுரத்தில் ஏறிய கடற்பறவை

குருநகர்ப் பையன்களிடம் ஒற்றுமை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. என்னைச் சேர்த்துக்கொள்ளும் பக்கம் கிரிக்கெட்டில் தோற்கும் என்று இரண்டு பக்கமும் ஒரே மனதாக நம்பியது. அதனால் ஒன்பது வயதில் எனக்கு மாலை நேரம் தாராளமாக இருந்தது; கதைக்கத்தான் ஆளில்லை. அப்பா கடலில் இருப்பார், கரைக்கு வந்தால் நித்திரையில் இருப்பார்.

புயல் ஓய்ந்த ஒரு காலை, எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பறவை கிடந்தது. வாலில் முழ நீளத்துக்குக் கிட்ட இரண்டு இறகுகள். நடக்காமல் நெஞ்சால் தவழ்ந்தது. கால் முறிந்துவிட்டது என்று கண்டுபிடித்த டாக்டர் நான்தான். ஈர்க்குத் துண்டுகளை வைத்து, கிழிந்த வலை பொத்துகிற நூலால், எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சான வலை முடிச்சையே போட்டுக் கட்டினேன். அது இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. நோயாளி டாக்டரின் விரலைக் கொத்தி இரத்தம் எடுத்தது.

"உனக்கு விசரே? குருவியிலை ஏன்டா வலை பின்னுறாய்?" என்று அம்மா நூலை வெட்டி எறிந்தார்.

கடல் குருவியைக் கடலில் விட்டால் சரி என்றார் அப்பா. விட்டார். அது களைத்துப்போய் மிதந்து, காற்றோடு திரும்பக் கரைக்கே ஒதுங்கியது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நெத்தலி ஊட்டினேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது, நடக்காதது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தின்ற மீனை என் சேர்ட்டில் கக்கியது. என் கதைக்கு அவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் கருத்துச் சொன்னதில்லை.

கடைசியில் அம்மா போன் பண்ண, வனசீவராசிகள் அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பறவையைத் தூக்கிப் பார்த்தார்.

"கால் முறியேல்லை, தம்பி. உதின்ரை காலே அப்பிடித்தான். நிலத்திலை நடக்காது, நிலத்திலையிருந்து எழும்பவும் மாட்டுது."

தூரத்துத் தீவுகளின் செங்குத்துப் பாறை இடுக்கில் கூடு வைக்குமாம். ஒரு தடவைக்கு ஒரே முட்டை. அதையும் எலி தின்றுவிடுமாம். ஆகவே ஒன்று செத்தாலும் பெரிய நட்டமாம். "இப்ப உடம்பு தேறியிட்டுது. இன்னும் வச்சிருந்தா செத்துப்போம். உயரத்திலையிருந்து விடவேணும்."

"யாழ்ப்பாணத்திலை மலைக்கு எங்கை போறது, ஐயா?" என்றார் அம்மா.

அப்பா சிலுவை வைத்த எங்கள் கோயில் மணிக்கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

பங்குச் சுவாமியிடம் திறப்பு வாங்கிக் கோபுரப் பூட்டைத் திறந்து எல்லோரும் ஏறினோம். மற்றவர்களைக் கொத்தியதால் பறவை என் கையில். உச்சிக்கு வந்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"விடு, தம்பி," என்றார் அப்பா.

"நாளைக்கு விடுவம், அப்பா."

"விடடா. அது சாகப்போகுது."

கையை விரித்தேன். கல்லைப்போல நேரே கீழே போனது. நான் கத்திக்கொண்டு குனிந்தேன். எனக்குப் பின்னால் எல்லோரும் "அந்தா! அந்தா!" என்று கூவினார்கள். நான் தரையில் அதன் உடம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது வானத்தில் காகங்கள் மட்டுமே இருந்தன.

"நல்லாப் பறந்து போட்டுது," என்றார் அப்பா. ஊசி நோகாது என்று சொல்லும்போது வைக்கும் அதே முகத்தோடு சொன்னார்.

நான் நம்பவில்லை. பின்னேரங்களில் கோபுரத்தடிச் செம்பரத்தைப் பற்றைகளுக்குள் தனியே புகுந்து தேடினேன். புதைப்பதற்கு ஒரு இறகுகூட அகப்படவில்லையே என்று அங்கேயே குந்தியிருந்து அழுதேன். அகப்படாததுதான் நல்ல சேதி என்று அந்த ஒன்பது வயது மண்டைக்கு விளங்கவில்லை.