லோகூரில் டவர் போனதும் ஒரு கேள்வி

லோகூர் காட்டுக்குள் ரயில் நுழைந்ததும் ஜன்னல் கம்பி சில்லென்று ஆகிவிடும். பெட்டிக்குள் மல்லிகைப்பூ, தேங்காய் எண்ணெய், யாரோ அவசரத்தில் சரியாக மூடாத டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதம்... எல்லாம் கலந்து ஒரு வாசனை.

அதே நேரத்தில் எல்லார் போனிலும் டவர் போய்விடும். அதற்காகத்தான் நாங்கள் காத்திருப்போம்!

அப்போது நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பொம்மிடியில் ரயில் ஏறுவேன். எனக்கு முன்பே மொரப்பூரில் ஏறி இடம் பிடித்திருப்பார்கள் ஷாஹிதா அக்காவும் ஜோதியும். அக்கா சேலத்தில் ஒரு டெய்லர் கடையில் பிளவுஸ் தைப்பவர். ஜோதி ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். மூன்று பேரும் சீசன் டிக்கெட்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு. டவர் போனதும் ஒருத்தர் பொது அறிவுக் கேள்வி கேட்க வேண்டும். கூகுளில் தேட வழியில்லை, மூளையில்தான் தேட வேண்டும். கருப்பூர் பக்கம் டவர் திரும்பியதும் விடையைச் சரிபார்ப்போம். சரியாகச் சொன்னவருக்கு மறுநாள் ஜன்னல் சீட். அந்தக் காலைக் காற்றுக்கு அவ்வளவு போட்டி...

கொஞ்ச நாளில் எல்லாக் கேள்வியும் பிரிட்டனைப் பற்றியே ஆகிப்போனது. காரணம் நான்தான்.

ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு வீடியோ காலில் இண்டர்வியூ வைத்தார்கள். தெரிந்த பதில்கூட என் வாயில் வரவில்லை. போச்சு. இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். அதுவும் போனால் இனிமேல் வெளிநாட்டுக்கு விண்ணப்பமே போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏம்புள்ள, ஊசி போடறதுக்கு உனக்குக் கை நடுங்கறதில்ல. பேசறதுக்கு என்ன பயம்?" என்றார் ஷாஹிதா அக்கா.

"அது பெரிய நாடுக்கா. எல்லாமே பெருசு பெருசா இருக்கும். நான் அங்க போயி என்னத்தப் பேசறது?"

"அப்ப அந்த நாட்டைத்தான் என்னன்னு பாத்துருவோம் வா."

அப்படித்தான் ஆரம்பித்தது. தபால்தலையில் தன் பெயரையே போடாத நாடு எது? பிரிட்டன். "பேரு கூடப் போட மாட்டாங்களா? திமிரப் பாரேன்!" என்றாள் ஜோதி. ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு? ஜோதி செம்மறி ஆடு என்று அடித்துச் சொன்னாள். விடை, ஒற்றைக்கொம்புக் குதிரை. கருப்பூரில் போனைக் காட்டிய பிறகும் அக்கா நம்பவில்லை. "இல்லாத மிருகத்தப் போயா வெப்பாங்க? உன் போனு பொய் சொல்லுது" என்று அன்று முழுக்கச் சண்டை.

சிரித்தேனே தவிர, உள்ளே பயம் அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது இண்டர்வியூவுக்கு முந்தின நாள் அக்காவின் முறை.

"பிரிட்டன்லயே ஒசரமான மலை எது?"

"பென் நெவிஸ்." எனக்குத் தெரியும்.

"அது இருக்கட்டும். நம்ம சேர்வராயன் மலைய விட அது ஒசரமா, கம்மியா?"

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை, அதான் ஏற்காடு இருக்கிற மலை, தலையில் மேகத்தோடு எங்களுடனேயே வந்துகொண்டிருந்தது. நான் சிரித்தே விட்டேன்.

"என்னக்கா நீங்க... அங்கெல்லாம் பனி கொட்டும். அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு மேடு."

ஜோதியும் என் பக்கம். கேள்வி கேட்ட அக்காவுக்கே விடை தெரியாது. எதிர் சீட்டில் இருந்தவர்கள்கூட டவருக்காகக் காத்திருந்தார்கள்.

கருப்பூர் வந்தது. ஜோதி போனைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏய் தேனு... அது ஆயிரத்து முன்னூத்திச் சொச்சம் மீட்டராம். நம்முளுது ஆயிரத்து அறுநூத்துக்கும் மேல!"

"அடி சக்கை!" என்று அக்கா தொடையைத் தட்டினார். "தெனமும் இது அடியிலதான வேலைக்குப் போற? அப்பறம் எதுக்குடி நடுங்கற?"

மலைக்கும் என் இண்டர்வியூவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. ஆனால் அத்தனை நாளாக இருந்த பயம் அன்று இறங்கிவிட்டது. பெட்டியே சிரித்தது, நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மறுநாள் திரையில் இரண்டு பேர். தங்கள் நாட்டைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். உங்கள் நாட்டின் உயரமான மலையை விட உயரமான மலை ஒன்றின் அடிவாரத்தில்தான் தினமும் ரயிலில் போகிறேன் என்றேன். ஒருவர் நம்பாமல் அங்கேயே தேடிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் வந்தது.

வேலை கிடைத்தது! கிளம்பும்வரை ஜன்னல் சீட்டைக் கேள்வியே கேட்காமல் எனக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இங்கே ஸ்காட்லாந்துக்கு வந்த முதல் வருடமே அந்தப் பென் நெவிஸைப் பார்க்கப் போனேன். கடலை ஒட்டி நேராக எழும்பி நிற்கிறது... அண்ணாந்து பார்த்தபடியே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, நெஜமா ரொம்பப் பெருசா இருக்குக்கா."

"இருக்கட்டும் புள்ள. நம்பர்ல நாமதான் ஜெயிச்சோம். நீ முதல்ல ஸ்வெட்டரப் போடு."

இப்போது லோகூர் காட்டுக்குள்ளும் அவர்கள் போனில் டவர் வருகிறதாம். அதனால் பொம்மிடி தாண்டியதும் எல்லாரும் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும் என்று அக்கா புதுச் சட்டம் போட்டிருக்கிறார். இங்கே என் வார்டில் ஜன்னலோர நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, அதற்காகப் போட்டி போட ஆள் இல்லை. அந்தச் சண்டைக்காக மனசு ஏங்குகிறது.

அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறேன். பொம்மிடியில் ஏறுவேன், ஜன்னல் சீட் வேண்டும் என்று அக்காவுக்கு நேற்று சொன்னேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் ரயில் சத்தத்தோடு...

"வெளிநாட்டுக்காரின்னா சும்மா குடுத்துருவமா? கேள்வி ரெடியா இருக்கு. வந்து பதில் சொல்லிப்போட்டு உக்காரு."