கையால் தள்ளிய ஆறு வேகன்கள்

சரக்குக் குமாஸ்தாவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தால் அது ரயிலின் வேலை, சேராவிட்டால் அது குமாஸ்தாவின் வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

நான் ரயில்வேயில் கலாசியாக, கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு படிவங்களைப் படித்து, பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனவன். கடைசி ஒன்பது வருடம் தில்லியின் வடக்கு ஓரத்தில் ஒரு சின்னச் சரக்கு நிலையத்தில் இருந்தேன். அங்கிருந்து ஒரே ஒரு கிளைத் தண்டவாளம் வனஸ்பதி ஆலை ஒன்றுக்குள் போகும். சைடிங் என்போம். ஆலையின் டின்களை வேகனில் ஏற்றிப் பீகார் பக்கம் அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. ஏற்ற முப்பது பேர், எல்லாரும் தினக்கூலி. அவர்களுக்கு மேஸ்திரி ஏழுமலை. விழுப்புரத்துக்காரர், தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். அந்த ஆலை ஒருநாள் தீப்பிடித்தது.

ஒரு கையெழுத்து

காலை பத்து மணி. எண்ணெய்த் தொட்டியில் பிடித்த தீ கிடங்குக்குத் தாவிவிட்டது. காற்றில் ஊர் முழுக்கப் பூரி சுட்ட வாசனை. கேட்டருகே நின்ற ஒருவர் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு, உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சைடிங்கில் ஆறு வேகன்கள், நான்கில் டின்கள் நிறைந்திருந்தன. எஞ்சின் கேட்டுக்கு வெளியே நின்றது. கண்ட்ரோல் அறைக்குப் போன் செய்தேன். ஆலைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் எஞ்சின் உள்ளே போகக் கூடாது என்றார்கள். விதி அப்படித்தான். படிவத்தை எடுத்துக்கொண்டு, ஆலையில் அனுப்பும் பிரிவைப் பார்த்துவந்த குப்தாஜியைத் தேடி ஓடினேன். சாலையோரம் ஒற்றைக் காலில் செருப்போடு நின்று, வெளியே வந்த ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். படிவத்தை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தார்.

“பேனா மேஜை மேல இருக்கு, பாபுஜி. மேஜை எரியுது.”

எஞ்சின் இல்லாத ரயில்

திரும்பி வந்தபோது ஏழுமலை ஆட்களோடு கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன். “சார், வேகன் எரிஞ்சுதுன்னா இந்தப் பக்கம் இனிமே ஒரு வண்டி விடுவானா? அப்புறம் நாங்க எங்க போறது?” என்றார். நகர்ந்து வழிவிட்டேன்.

ஒவ்வொரு வேகனாகப் பிரேக்கைத் தளர்த்தி, கொக்கியைக் கழற்றி, சக்கரத்தடியில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார்கள். முப்பது பேரும் தோளைக் கொடுத்தார்கள். பீகார்க்காரர்கள் ஒரு பக்கம், நம்மவர்கள் ஒரு பக்கம். இரண்டு மொழியில் கூச்சல். ஸ்டேஷன் பக்கம் லேசான சரிவு என்பதால், நகர்ந்துவிட்டால் பிறகு ஓடாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. கட்டை போட்டு, கல் போட்டு ஆறையும் வெளியே கொண்டுவந்தார்கள். கடைசி வேகனின் சுவரில் கையை வைத்துத் தள்ளியவர்களுக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சின் டிரைவர், ஹரியானாக்காரர், கீழே இறங்கிவந்து ஏழுமலையின் முதுகில் தட்டினார்.

“இப்படியே பழகிடாதீங்க பாய், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!”

மொழிபெயர்ப்பு

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தீயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது ஆலையின் விஷயம். எஞ்சினும் கார்டும் இல்லாமல் ரயில்வே வேகனை நகர்த்தியது யார், யார் அனுமதித்தது என்பதுதான் கேள்வி. உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். அனுமதித்தது நான்தான் என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு ஏழுமலையைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிச் செய்வாயா என்று இந்தியில் கேட்டார்.

இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்த ஏழுமலை, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “அடுத்த தடவை நெருப்பை ஒரு ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றோம்னு சொல்லுங்க சார்.” அதிகாரி என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அச்சா, நல்ல மனுஷன். அதையே எழுதி வாங்கிக்குங்க.”

எட்டு மணி போன்

தினமும் காலை எட்டு மணிக்குக் கண்ட்ரோலில் இருந்து போன் வரும். எத்தனை வேகன் ஏற்றியாயிற்று, எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். ஆலை எரிந்த பிறகும் போன் நிற்கவில்லை. ஒன்றுமில்லை என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். மனைவி இறந்த பிறகு வீட்டில் எனக்கு வேலை இல்லை, ஆறரைக்கே வந்துவிடுவேன். எனக்கு முன்பே அந்த முப்பது பேரும் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். போன் மணி அடித்தால் பேச்சு நின்றுவிடும். நான் போனை வைத்துவிட்டு வெளியே பார்க்க மாட்டேன். பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள்.

ஐந்து மாதம் இப்படியே போயிற்று. முப்பது பேர் பதினேழானார்கள். சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று தெரியாது. போனில் பேசுவது ஒரு சின்னப் பெண். ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை.

“அங்கிள், பூஜ்யம்னு சொன்னாப் போதும். தினமும் எதுக்கு ‘இன்னிக்கு பூஜ்யம்’னு சொல்றீங்க?”

சாமந்தி மாலை

ஆலை முதலாளி வருகிறார் என்று செய்தி வந்தது. ஏழுமலை ஆட்களைத் திரட்டினார். தண்டவாளத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார்கள், கரியைக் கூட்டினார்கள், துருப்பிடித்த கேட்டுக்கு எண்ணெய் போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சாமந்தி மாலை ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள்.

முதலாளி நல்ல மனிதர். மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஏழுமலையின் கையை விரித்துத் தழும்பைப் பார்த்தார், கண் கலங்கினார். புது ஆலை குஜராத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இந்த இடம் இனி லாரிக் கிடங்கு, ரயில் தேவைப்படாது. காரில் ஏறும்போது ஏழுமலையிடம் ஆறுதலாகச் சொன்னார்:

“அன்னிக்கு நீங்க தள்ளின சரக்கு போய்ச் சேர்ந்ததாலதான் பாட்னா வியாபாரிங்க என்னை விட்டுப் போகல. அந்தத் தெம்புலதான் அங்கே புதுசா ஆரம்பிக்கிறேன், பாய்.”

கடைசி வேலை

அடுத்த உத்தரவு எனக்கு வந்தது: சைடிங் மூடப்பட்டது, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டும், அதுவரை கேட் சாவி என் பொறுப்பு. கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். தினக்கூலிக்கு ஆள் வேண்டும் என்றார். வேப்பமரத்தடியில் மிச்சம் இருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களையே கூப்பிட்டார்.

முதல்நாள் ஏழுமலை கடப்பாறையோடு வந்து என் ஜன்னலருகே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனை நாள் வேலை என்று கேட்டார். பதினைந்து என்றேன். அதற்கப்புறம் என்ன என்று கேட்கவில்லை. கடப்பாறையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“கேட் சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு? காலையில கொஞ்சம் மெள்ளவே வாங்க.”

அந்தப் பதினைந்து நாள் வேலை பதினெட்டு நாள் ஆயிற்று. முப்பத்திரண்டு வருட சர்வீஸில் என் பெயரில் எழுதப்பட்ட தாமதங்கள் எத்தனையோ, நானாக விரும்பிச் செய்தது அந்த மூன்று நாள் மட்டும்தான்.