தைத்து வாங்கிய நீலம்

அந்த நீலச் சட்டை முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டது. கூட ஊறிய அண்ணனின் பனியன்களும் என் பாவாடையும் நீலமாகிவிட்டன. உப்புப் போட்டு ஊற வைத்தேன், தனியாக அலசினேன், சாயம் நிற்கவே இல்லை. சட்டை மேல் வந்த ஆத்திரத்தைவிட அதைத் தைத்து வாங்கிய அண்ணன் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை செய்த கம்பெனியில் பர்மனென்ட் ஆளுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பல். ஒரே மிஷினில், ஒரே எண்ணெய்ப் பிசுக்கில்தான் இரண்டு பேரும் நிற்பார்கள். கேன்டீனில் மட்டும் வேறு வேறு வரிசை. அண்ணன் ஏழு வருடமாகச் சாம்பல். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும், திருவேற்காட்டில் எங்கள் தெரு டெய்லரிடம் நீலத்தில் ஒன்று தைத்துக்கொண்டான். அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவான். கம்பெனிக்கு முன்னால் இருந்த டீக்கடையின் பின்பக்கம் போய்ச் சாம்பலுக்கு மாறிக்கொள்வான். தெருவே நம்பியது. அதுவரை "இன்னா வேணும்?" என்று கேட்ட மளிகைக்கடைக்காரர், "வாங்க சார்" என்றார். வேலை அதே வேலை, சம்பளம் அதே சம்பளம், துணி மட்டும்தான் வேறு. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சூடாகிறது.

சாம்பல் சட்டையை யாரும் பார்க்காமல் பீரோவுக்குப் பின்னால் காயப்போடுவது என் வேலை. மழை நாளில் அது காயாமல் நாறும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவள். சும்மாவே பயந்து சாகிறவளுக்கு இது வேறு.

"எவனாவது பாத்துட்டா இன்னாண்ணா பண்ணுவ?"

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்மே."

மாங்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். எனக்குப் பிடித்திருந்தது. அவனுடைய மாமா மட்டும் அண்ணன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பக்கத்து ஊட்டுக்காரரும் உங்க கம்பெனிதான். அவரு சட்ட இவ்ளோ டார்க்கா இருக்காதே?"

"இது புதுசுங்க. இப்ப இத்தான் குடுக்குறாங்க."

"அப்டியா? அவராண்ட கேட்டுப் பாக்குறேன்."

நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் என்ன ஆகும், அந்த வீட்டில் தினமும் என்ன சொல்லுவார்கள் என்றெல்லாம் ஒரு நிமிடத்தில் ஓடியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அது தைச்சதுங்க. அண்ணன் கான்ட்ராக்ட்."

போன் பண்ணுகிறோம் என்று எழுந்து போனார்கள். போன் வரவே இல்லை. அன்று அண்ணன் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "எனுக்காகவாம்மே இத்தப் போட்டேன்?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் காலையில் சாம்பல் சட்டையோடு தெருவில் நடந்து போனான். ஒவ்வொரு வாசலும் அவனைப் பார்த்தது. நான் சொன்னது உண்மைதானே என்று இத்தனை வருடமாகச் சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. பாகுபாடு கூடாதாம். ஆனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு பர்மனென்ட்டுக்கு நீலம், கான்ட்ராக்ட்டுக்கு மஞ்சள். சட்டையில் இருந்ததைத் தூக்கிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அண்ணன் மாறவில்லை. அவன் கழுத்தில் மஞ்சள்.

போன மாதம் அவன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவன், கயிற்றைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அத்தக் கயிட்டி வையிண்ணா."

"இருக்கட்டும்மே. நீ சொல்றதுக்கு முந்தி நானே காட்டிடுறேன்" என்று சிரித்தான்.

உள்ளே அவன் மகள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. நான் எதுவும் யோசிக்கவில்லை. அந்த மஞ்சள் கயிற்றைச் சுருட்டி, அவன் சட்டைக்குள் தள்ளி, மேல் பட்டனைப் போட்டுவிட்டேன்.