ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் இரண்டாயிரம் மெயில்

சர்வர் மூன்றாவது தடவையும் சோதனையில் தேறிவிட்டது. ஜெனிட்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. போன வருஷம் படுத்ததே, இப்போது ஏன் படுக்கமாட்டேன் என்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் இருக்கும் அந்தக் காலண்டர் அச்சகத்தில் மெஷின்கள் ஓய்ந்து கிடந்தன. கோயில் ஆராதனை முடிந்து, வீட்டுக்காரர் காலேப்புக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, தான் பாதி சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தாள்.

அவளுக்கு இருந்தது ஆறே நாள். ஆடிப் பதினெட்டு அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியே விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளைக்கூட வெளியாள் கண்ணில் காட்டுவதில்லை. பூஜை முடிந்ததும் ஆல்பத்தின் படங்கள் செல்போனில் ஊர் ஊராகப் போகும்; அங்கிருந்தெல்லாம் அன்று காலையே ஆர்டர் மெயில் கொட்டும். கடைப் பெயர், விலாசம், முதலாளியின் அப்பா படம், சாமி படம் என்று ஒவ்வொரு மெயிலும் கனமாக வரும். போன ஆடிப் பதினெட்டில், பதினொன்று பத்துக்கு மெயில் சர்வர் நின்றது. நின்றது நின்றதுதான், மூன்று மணி நேரம். மெயில் திரும்பிவந்த வியாபாரிகள் அடுத்த அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். மதுரையிலிருந்து வந்த ஆள் தேங்கிய மெயிலையும் பதிவுகளையும் துடைத்துவிட்டுக் கிளப்பிக் கொடுத்ததில், எதனால் நின்றது என்பதற்குத் தடயமே மிஞ்சவில்லை.

அச்சகத்தை நடத்துகிறவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் அய்யாதுரை மறுநாளே சொல்லிவிட்டார். "அடுத்த வருசமும் நின்னுச்சுன்னா மெயிலை மதுரக்காரன்கிட்டக் குடுத்துருவோம். நீ டெஸ்பாட்ச்சுக்குப் போயிரும்மா. அங்கயும் ஆள் வேணும்லா."

டெஸ்பாட்ச் என்றால் பார்சலில் சீட்டு ஒட்டுவது. ஜெனிட்டா மல்லாங்கிணறு மிஷன் பள்ளி வாத்தியார் மகள், விருதுநகரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து இருபது வயதில் இங்கே வந்தவள். தினசரிக் காலண்டருக்கு ராகுகாலமும் எமகண்டமும் அடிக்கத்தான் முதலில் எடுத்தார்கள். இன்றைக்கும் எந்தக் கிழமைக்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அப்புறம் அச்சகத்துக்கு இன்டர்நெட் வந்தது. "நீதான் இங்கிலீசு படிப்ப, பாரு" என்று கையேட்டை அவள் மேஜையில் போட்டார்கள். பார்த்தாள். ஓரங்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றில் மெயில் சர்வரைத் தானே கட்டி எழுப்பினாள். பன்னிரண்டு வருஷமாக அதுதான் ஓடுகிறது. அதை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டு ஒட்டுவதா?

அதனால்தான் இந்தச் சோதனை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. ஒரே நேரத்தில் இருபது இணைப்பு, மொத்தம் இரண்டாயிரம் மெயில், ஒவ்வொன்றும் ஆறு எம்.பி. கனம் என்று தட்டினால், அந்தக் கருவி வெறும் எக்ஸ் எழுத்துகளாக நிரப்பிக் கனமான மெயில்களாக்கிச் சர்வர்மீது எறியும். எண் மட்டும் திரையில் ஓடும். ஐந்நூறுக்குத் தாங்கியது. ஆயிரத்துக்குத் தாங்கியது. இப்போது இரண்டாயிரமும் நாலே நிமிஷத்தில் உள்ளே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் அய்யாதுரையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "வெடி போடுதவனே பெட்டிக்கு ஒன்னுதான் வெடிச்சுப் பாப்பான். நீ குடோனையே கொளுத்திப் பாக்கேங்கியே."

"ஒன்னு தாங்கும் அண்ணாச்சி. குடோன் தாங்குமான்னுதான் தெரியல."

ஜெனிட்டா அந்த வரியை மறுபடி படித்தாள். இணைப்பு சரி. எண்ணிக்கை சரி. கனம் சரி. போய்ச்சேரும் விலாசம், அவள் சோதனைக்கென்றே திறந்த புது மெயில் பெட்டி. வியாபாரிகள் அனுப்புவது இந்தப் பெட்டிக்கா? ஆர்டர் பெட்டிக்கல்லவா? எரிச்சலில் விலாசத்தை மாற்றினாள். நிஜம்போல இருக்கட்டும் என்று தலைப்பில் 'காலண்டர் ஆர்டர்' என்றும் சேர்த்து, தட்டினாள்.

எண் ஓடியது. எழுநூறு. ஆயிரம். ஆயிரத்து முந்நூறில் நொண்டியது. பிறகு நின்றே போனது. 'இடம் போதவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதே வரி திரும்பத் திரும்ப.

"அப்படி வா வழிக்கு," என்றாள் சத்தமாக. அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் பட்டியலைத் திறந்தாள். உள்ளே வந்த ஒவ்வொரு மெயிலும் மூன்று வெளி விலாசங்களுக்குப் போவதற்காகக் கியூவில் நின்றது. உள்ளே வரும் வழி அகலம், வெளியே போகும் வழி ஊசிக்காது. மூன்று நகலும் போய்ச்சேரும்வரை மெயில் இடத்தைவிட்டு நகராது. கியூ பெருத்து ஹார்ட் டிஸ்க் நிறைந்து, புதுசு எதற்கும் கதவு சாத்தியாயிற்று.

அந்த மூன்று விலாசங்களையும் போட்டது அவளேதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அய்யாதுரை கேட்டார்: "வர்ற ஆர்டர் எல்லாம் எனக்கு ஒரு காப்பி வரட்டும்மா. தம்பிகளுக்குத் தெரியண்டாம்." நடு ஆள் சங்கரபாண்டியன் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கேட்டார்: "அண்ணனுக்குத் தெரியண்டாம்." சின்னவர் சபரிநாதன், போன வருஷம் ஆடி பிறக்கிறதுக்கு முந்தி. ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

செல்போன் அடித்தது. அய்யாதுரை பெயர் மின்னியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கியூவிலிருந்து நகல்கள் ஒவ்வொன்றாக வெளியேயும் போய்க்கொண்டிருந்தன. மூவரும் இன்றைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் குலசாமி கோயிலில் பொங்கல் வைக்கப் போயிருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை மூன்று சட்டைப்பைகளும் ஒன்றாகக் கத்தியிருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் மூவரும் நெற்றி நிறையத் திருநீறோடு அவள் அறைக்குள் நின்றார்கள்.

"ஆல்பத்த யார் காட்டுனது?" என்றார் அய்யாதுரை. "ஆடிப் பதினெட்டுக்கு ஆறு நா கெடக்கு. ஆர்டரா வந்து குவியுது!"

"அத அண்ணன்தான் சொல்லணும்," என்றார் சங்கரபாண்டியன். "எனக்கு அம்பது வந்துருக்கு."

"ஒனக்கு எதுக்குலே வருது?"

"ஒங்களுக்கு எதுக்கு வருது?"

சபரிநாதன் செல்போனை நீட்டினார். "தொறந்து பாத்தீகளா? உள்ள பூராவும் எக்ஸு எக்ஸுன்னு இருக்கு. எந்த ஊருப் பார்ட்டி இவன்?"

"ஏலே, ஒனக்குமா?" இரண்டு அண்ணன்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஜெனிட்டா எழுந்தாள். "பார்ட்டி இல்ல அண்ணாச்சி, நான்தான். ஆல்பம் பீரோவுல பத்திரமா இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு மெயில் நாலாகிற கதையைச் சொன்னாள். "போன வருசம் நின்னதும் இதாலதான். ஒத்த ஆளுக்குப் போனவரை தாங்குச்சு, ரெண்டு பேருக்கும் தாங்குச்சு. மூணாவது சேந்துச்சு, அந்த ஆடிக்கே படுத்துருச்சு."

மூவரும் ஒருவர் செல்போனை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப இவுங்க ரெண்டு பேரதையும் எடுத்துரு," என்றார் அய்யாதுரை.

"சின்னவன் சேந்துதான நின்னுச்சு? அவனத எடு," என்றார் சங்கரபாண்டியன்.

"நான் கடைசியா கேட்டது குத்தமா? மொதல்ல ஆரம்பிச்சது யாரு?"

ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் கேட்டீக. நானும் வாயத் தொறக்காமப் போட்டேன், அது என் தப்பு. அதுக்குப் போயி நான் பார்சல்ல சீட்டு ஒட்டணுமா? எல்லாருக்கும் வேணும்னா சர்வர் நிக்கும். ஒருத்தருக்கு மட்டும்னா நீங்க சண்ட போடுவீக. மூணையும் எடுக்கேன். யாருக்கு ஆர்டர் பாக்கணுமோ இங்கன வந்து பாருங்க."

அய்யாதுரை தம்பிகள் முகத்தைப் பார்த்தார். "எடு," என்றார்.

மூன்று வரிகளையும் அவர்கள் கண்ணெதிரே அழித்தாள். கியூவைக் கழுவிவிட்டு, அதே ஆர்டர் பெட்டிக்கு மறுபடி இரண்டாயிரம் எறிந்தாள். தங்குதடையில்லாமல் போனது. மூவரும் ஒரே காரில் ஏறினார்கள். கார் வாசலைத் தாண்டியிருக்காது, செல்போன் அடித்தது.

"ஏம்மா," அய்யாதுரை குரலைத் தாழ்த்திக் கேட்டார், "காப்பி ஒன்னே ஒன்னு தாங்கும்னு நீதான சொன்ன?"

"சர்வர் தாங்கும் அண்ணாச்சி. பக்கத்துல தம்பிக இருக்காகளே, அவுகள்ட்டக் கேட்டுச் சொல்லுங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

ஆடிப் பதினெட்டு அன்று, பூஜை முடிந்த கையோடு மூன்று பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்துவிட்டார்கள். மின்விசிறிக் காற்று முழுவதும் அவர்களுக்கு. பதினொன்று பத்து தாண்டியது. பன்னிரண்டு தாண்டியது. மெயில் நிற்கவில்லை. ஒவ்வொன்று வரும்போதும் மூன்று தலைகள் திரையை நோக்கி நீண்டன. டெஸ்பாட்ச் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நல்லா ஓடுது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

"தேனி பார்ட்டி எம்புட்டு கேக்கான்?" என்றார் சங்கரபாண்டியன், அவள் தோளுக்கு மேலாக எட்டி.

"தலைய எடுங்க அண்ணாச்சி," என்றாள் ஜெனிட்டா, "எனக்கே ஸ்கிரீன் தெரியல."